எல் பாசோவின் ஏழு பேர்: படத்தில் வராத முன்கதையும் பின்கதையும்



28 வெற்றி, 1 தோல்வி. அமெரிக்காவின் டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரியின் கூடைப்பந்து அணி 1965-66 பருவத்தில் காட்டிய கணக்கு இது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், 1966 மார்ச் 19-ஆம் தேதி, அது கென்டக்கி பல்கலைக்கழகத்தை 72-65 என்று தோற்கடித்து தேசியக் கல்லூரி வெற்றியாளர் பட்டத்தைத் தட்டிச் சென்றது. கென்டக்கி அணி முழுவதும் வெள்ளையர்கள். டெக்சஸ் வெஸ்டர்ன் அணியில் அன்றிரவு களம் இறங்கிய ஏழு பேரும் கறுப்பினத்தவர்கள்.

நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தைவிட காற்பந்துதான் பழக்கம், தெரியும். இருந்தாலும் இந்தக் கதையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 2006-இல் டிஸ்னி நிறுவனம் 'குளோரி ரோட்' என்ற பெயரில் இதைப் படமாக எடுத்தது. பார்த்தவர்கள் பலர் கண் கலங்கியிருப்பார்கள். நல்ல மனம் கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பயிற்றுநர் வருகிறார், ஏழைப் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொடுக்கிறார், வந்த முதல் ஆண்டே ஜெயிக்கிறார், எல்லாம் சுபம்! உண்மையில் பயிற்றுநர் டான் ஹாஸ்கின்ஸ் அந்தக் கல்லூரிக்கு வந்தது 1961-இல். பட்டம் கிடைத்தது ஐந்தாவது பருவத்தில். அது சின்ன விஷயம், சினிமாக்காரர்கள் அப்படித்தான். ஆனால் படம் தொடாமல் விட்ட இரண்டு விஷயங்கள் சின்னவை அல்ல. ஒன்று 1955-இல் நடந்தது. மற்றது 1968-இல். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் 1966-ஐத் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள் என்பது என் கருத்து.

முதலில் 1955.

எல் பாசோ நகரம் டெக்சஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெக்சிகோ எல்லையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் அடுத்த நாடு. அந்நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று டக்ளஸ் பள்ளி என்ற தனிப்பள்ளி இருந்தது. அங்கே முதல் மாணவியாகத் தேறியவர் தெல்மா வைட். சொந்த ஊரிலேயே இருக்கும் டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார். கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்தார் துணையோடு வழக்குத் தொடுத்தார். 1955-இல் கல்லூரியின் கதவு திறந்தது. முதல் தொகுதி கறுப்பின மாணவர்கள் அந்த ஆண்டே உள்ளே போனார்கள்.

தெல்மா வைட் போகவில்லை! வழக்கு நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டார், அங்கேயே தொடர்ந்தார். தான் திறந்த கதவு வழியாக அவர் நுழையவே இல்லை. அடுத்த ஆண்டு, 1956-இல், சார்லஸ் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் அக்கல்லூரியின் கூடைப்பந்து அணியில் சேர்ந்தார். ஹாஸ்கின்ஸ் ஊருக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக!

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன்? பயிற்றுநர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் வருவதற்கு முன்பே ஒரு பள்ளி மாணவி நீதிமன்றப் படி ஏறியிருந்தாள். அந்த வழக்கு இல்லையென்றால் எவ்வளவு நல்ல பயிற்றுநர் வந்தாலும் எடுத்துக்கொள்ள ஆள் இருந்திருக்காது. படத்தில் அவளுக்கு ஒரு காட்சி கூட இல்லை.

சரி, கதவு திறந்தது. அப்புறம் எல்லாரும் சமமா? இல்லை. அங்கேதான் எழுதப்படாத சட்டம் வருகிறது.

அந்நாளில் கல்லூரிப் பயிற்றுநர்களிடையே ஒரு கணக்கு புழக்கத்தில் இருந்தது. சொந்த ஊரில் ஆடும்போது இரண்டு கறுப்பினத்தவரை இறக்கலாம். வெளியூரில் மூன்று. தோற்றுக்கொண்டிருந்தால் நான்கு. வேடிக்கைபோலச் சொல்வார்கள், நடைமுறையில் அப்படியே நடந்துகொள்வார்கள். இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. எந்தக் கல்லூரியும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பவில்லை. தேவையே இல்லையே! நன்கொடை கொடுக்கும் பழைய மாணவர் முகம் சுளிப்பார், நுழைவுச்சீட்டு வாங்குபவர் முணுமுணுப்பார், பயிற்றுநருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் வரும். பயம் வந்தால் யாரும் சொல்லாமலே விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். ஏன் அந்தப் பையனை இறக்கவில்லை என்று கேட்டால், 'அணிக்குப் பொருத்தமானவரைத் தேர்ந்தெடுத்தோம்' என்று பதில் வரும். எழுதிய சட்டத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம், தெல்மா வைட் கொண்டு போனதைப்போல. எழுதாததை எங்கே கொண்டு போவீர்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் குடியுரிமைச் சட்டம் 1964-லேயே நிறைவேறிவிட்டது. காகிதத்தில் சமத்துவம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகுதான் 1966-இன் இறுதியாட்டம் நடந்தது. அப்போதும் கென்டக்கி அணியில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் கூட இல்லை. அந்த அணி ஆடிய தென்கிழக்குக் கூட்டமைப்பில் எந்தக் கல்லூரி அணிக்காகவும் ஒரு கறுப்பினத்தவர் அதுவரை கூடைப்பந்து ஆடியது கிடையாது.

இப்போது அணியைப் பார்ப்போம். பாபி ஜோ ஹில் டெட்ராய்ட் பக்கம். ஹாரி ஃப்ளார்னாய், ஆர்ஸ்டன் ஆர்ட்டிஸ் இருவரும் இண்டியானாவின் கேரி நகரம், எஃகு ஆலைகள் நிறைந்த தொழிலாளர் ஊர். வில்லி வோர்ஸ்லி, நெவில் ஷெட், வில்லி கேகர் மூவரும் நியூயார்க். டேவிட் லேட்டின் மட்டும் டெக்சஸ்காரர், ஹூஸ்டன். இவர்களோடு வெள்ளையர் நால்வரும் மெக்சிகோ வம்சாவளியினர் ஒருவரும் அணியில் இருந்தார்கள். ஊரில் சின்னக் கல்லூரி, நாட்டில் பெயர் தெரியாத கல்லூரி. பருவம் தொடங்கியபோது இவர்கள்தான் பட்டம் வெல்வார்கள் என்று சொல்ல யாரும் இல்லை.

ஹாஸ்கின்ஸ் முரட்டுப் பயிற்றுநர். முன்பு டெக்சஸின் சின்னச் சின்ன ஊர்ப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து வந்தவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தற்காப்பு. எதிரியை மூச்சுவிட விடாதே, பந்தை வீணாக்காதே, அவசரப்படாதே. இந்தப் பாடத்தை அந்த இளைஞர்கள் கரைத்துக் குடித்தார்கள். தொடர்ந்து 23 வெற்றி. வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில் சியாட்டில் பல்கலைக்கழகத்திடம் 74-72 என்று தோற்றார்கள். அதுதான் அந்த ஒரே தோல்வி.

தேசியப் போட்டியில் ஐந்து ஆட்டம். ஒக்லஹோமா சிட்டியை 89-74. சின்சினாட்டியைக் கூடுதல் நேரத்தில் 78-76. கன்சாஸ் ஆட்டம்தான் உயிரை எடுத்தது. முதல் கூடுதல் நேரத்தின் கடைசி வினாடியில் கன்சாஸின் ஜோ ஜோ வைட் தூரத்திலிருந்து போட்ட பந்து கூடைக்குள் விழுந்துவிட்டது, கதை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவருடைய கால் கோட்டின் மேல் இருந்தது என்று நடுவர் அறிவித்தார். இரண்டாவது கூடுதல் நேரம். 81-80. ஒரே ஒரு புள்ளி! அதன்பின் அரையிறுதியில் யூட்டாவை 85-78.

இறுதியாட்டம் மேரிலாந்தில். எதிரே கென்டக்கியின் பயிற்றுநர் அடோல்ஃப் ரப், 1930 முதல் அந்த நாற்காலியில் இருப்பவர், நான்கு முறை தேசியப் பட்டம் வென்றவர். ஹாஸ்கின்ஸ் ஒரு முடிவெடுத்தார். கென்டக்கி ஆட்டக்காரர்கள் வேகமானவர்கள், ஆகவே உயரமான ஷெட்டை உட்கார வைத்துவிட்டு, அணியிலேயே குள்ளமான வோர்ஸ்லியை முதல் ஐவரில் சேர்த்தார். ஆட்டத்தின் தொடக்கத்தில் லேட்டின் பந்தைக் கூடைக்குள் ஓங்கிச் சொருகினார். பிறகு பாபி ஜோ ஹில் அடுத்தடுத்து இரண்டு முறை எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி இரண்டையும் கூடையில் போட்டார். அதற்குப் பிறகு கென்டக்கி முன்னுக்கு வரவே இல்லை. ஹில் மட்டும் 20 புள்ளி.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு, அவசரமில்லாமல் பாருங்கள். களத்திலிருந்து கென்டக்கி போட்ட கூடை 27. டெக்சஸ் வெஸ்டர்ன் போட்டது 22. ஐந்து குறைவு! பிறகு எப்படி ஜெயித்தார்கள்? எதிரி தவறு செய்யும்போது கிடைக்கும் இலவச வீச்சுகளில். 34 வீச்சில் 28-ஐப் போட்டார்கள். கென்டக்கிக்கு அதில் கிடைத்தது 11 புள்ளிதான்.

அன்றைக்குப் பரவலாக இருந்த நம்பிக்கை என்ன தெரியுமா? கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஓடத் தெரியும், குதிக்கத் தெரியும், ஆனால் கட்டுப்பாடு கிடையாது. நெருக்கடி வந்தால் நடுங்கிவிடுவார்கள். வழிநடத்த ஒரு வெள்ளைக்காரராவது களத்தில் இருக்க வேண்டும். இலவச வீச்சில் ஓட்டமும் இல்லை, குதியும் இல்லை. எல்லாரும் விலகி நிற்க, தனியாளாக நின்று, மூச்சை அடக்கி, கை நடுங்காமல் போட வேண்டும். எதிரணி ஆதரவாளர்கள் நிறைந்த அரங்கில், கூட்டத்தில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் பழைய கொடி ஆடிக்கொண்டிருக்க, கல்லூரிப் பிள்ளைகள் 28 முறை அதைச் செய்தார்கள். அந்த நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

வெற்றிக்குப் பின் வலையை அறுக்கும் வழக்கம் உண்டு. ஷெட் தூக்கிப் பிடிக்க, குள்ள வோர்ஸ்லி மேலே ஏறி அறுத்தார்.

ஹாஸ்கின்ஸ் கடைசிவரை ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்: நான் புரட்சி செய்யவில்லை, என்னிடம் இருந்தவர்களில் சிறந்த ஐந்து பேரை இறக்கினேன், அவ்வளவுதான். அடக்கமான பேச்சு என்று பலர் பாராட்டினார்கள். எனக்கு அது அடக்கத்தைவிடப் பெரிய பேச்சாகத் தோன்றுகிறது. சிறந்தவர்களை இறக்குவதே அதிசயமாகப் பேசப்படும் அளவுக்கு மற்றப் பயிற்றுநர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அது காட்டிக் கொடுக்கிறதல்லவா?

அவருக்கு வசவுக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. ஒரு காலத்தில், இரண்டாம் இடத்தோடு நின்றிருக்கலாமே என்று கூட நினைத்ததாக அவரே பின்னாளில் சொன்னார்.

தென்மாநிலக் கதவுகள் திறந்தன, மெதுவாக. பெர்ரி வாலஸ் 1967-68 பருவத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, தென்கிழக்குக் கூட்டமைப்பின் முதல் கறுப்பினக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஆனார். டெக்சஸ் வெஸ்டர்ன் பட்டம் வென்ற அதே 1966 மார்ச் 19 அன்று, டென்னசி மாநிலத்தில் இரு இனப் பள்ளிகளும் முதன்முறையாகச் சேர்ந்து ஆடிய போட்டியில் வாலஸின் பேர்ல் உயர்நிலைப் பள்ளி பட்டம் வென்றிருந்தது. பின்னாளில் அவர் பொறியியல் படித்து, சட்டமும் படித்து, சட்டப் பேராசிரியர் ஆனார். கென்டக்கிக்கோ இன்னும் காலம் பிடித்தது. அங்கே முதல் கறுப்பினத்தவராக டாம் பெய்ன் ஆடியது 1970-71 பருவத்தில். வெள்ளைக்கார மனங்கள் உருகிக் கதவைத் திறந்ததாக நான் நம்பவில்லை. பூட்டி வைத்தால் தோற்போம் என்று தெரிந்தது, திறந்தார்கள்.

இனி 1968. படம் முடிந்த பிறகு நடந்த கதை.

கல்லூரியின் பெயர் 1967-இல் மாறி, எல் பாசோ டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. கூடைப்பந்து அணியைக் கொண்டாடிய அதே நிறுவனம். அங்கே ஓட்டப் பந்தய, நீளந்தாண்டல் அணியில் பாப் பீமன் என்ற கறுப்பின இளைஞர் உபகாரச் சம்பளத்தில் இருந்தார். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துடன் போட்டி. அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தும் மார்மன் திருச்சபை, கறுப்பின ஆண்களுக்கு குருத்துவம் கிடையாது என்று அப்போது வைத்திருந்தது (1978 வரை அது நீடித்தது). இப்படி எங்களைத் தாழ்த்துபவர்களோடு நாங்கள் போட்டியிட மாட்டோம் என்று பீமனும் சக கறுப்பின வீரர்கள் சிலரும் சொன்னார்கள்.

பல்கலைக்கழகம் என்ன செய்தது? அவர்களை அணியிலிருந்து நீக்கியது. உபகாரச் சம்பளமும் போயிற்று.

இரண்டே ஆண்டுகள், வாசகர்களே! கறுப்பினப் பிள்ளைகளின் கால்களுக்குக் கைதட்டிய இடம், அவர்கள் வாய் திறந்ததும் சோற்றில் கைவைத்தது. அதே 1968 அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். அதுவரை இருந்த உலகச் சாதனையை அரை மீட்டருக்கும் மேலாகத் தகர்த்த தாண்டல் அது. அவர் சாதனை 1991 வரை நின்றது. அவர் தாண்டியபோது அவருக்கென்று ஒரு கல்லூரி அணி இல்லை!

அந்த ஆண்டு ஜூலையில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' சஞ்சிகை கறுப்பின விளையாட்டாளர்களின் நிலை பற்றித் தொடர் கட்டுரை வெளியிட்டது. எல் பாசோவை அது குறிப்பாக எடுத்துக்கொண்டது. அரங்கில் கொண்டாடப்பட்ட இளைஞர்களுக்கு அரங்குக்கு வெளியே வீடு கிடைக்கவில்லை, மனைவிமாருக்கு வேலை கிடைக்கவில்லை, படிப்பு முடிகிறதா என்று யாரும் கவலைப்படவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். ஹாஸ்கின்ஸ் தரப்பு அந்தச் சித்திரம் நியாயமற்றது என்று கடைசிவரை வாதாடியது. அதிலும் உண்மை உண்டு. அந்த எழுவரில் பட்டம் முடித்தவர்கள் இருக்கிறார்கள், நல்ல வேலையில் அமர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பாபி ஜோ ஹில் எல் பாசோவிலேயே தங்கி எரிவாயு நிறுவனத்தில் வேலை பார்த்தார், 2002-இல் காலமானார். ஆர்ட்டிஸ் கேரி நகரில் போலீஸ் துப்பறிவாளர் ஆனார். வெறுங்கையோடு தூக்கி எறியப்பட்டவர்கள் என்று அவர்களைச் சித்தரிப்பது அவர்களுக்கே அவமரியாதை. ஆனாலும் கேள்வி கேள்விதான். பிள்ளை நான்கு ஆண்டுகள் கல்லூரிக்காக வியர்வை சிந்துகிறான், கையில் என்ன காகிதத்தோடு வெளியே வருகிறான்?

மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1963-இல், சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகம் இதே பட்டத்தை வென்றது. முதல் ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். அவர்களில் இருவர் நான் மேலே சொன்ன பேர்ல் பள்ளியிலிருந்து வந்தவர்கள். லொயோலாவின் அந்த முதல் ஐவரும் பட்டம் பெற்றார்கள். முடியாத காரியம் ஒன்றுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையைத் தேடி ஒரு பயிற்றுநரோ விளையாட்டுப் பள்ளியோ வந்தால், சீருடையும் சாப்பாடும் பற்றிப் பேசும்போதே இதையும் கேளுங்கள். காலில் அடிபட்டால் படிப்புக்கு யார் பணம் கட்டுவது? போட்டிக்காக விட்டுப்போன பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பது? முன்பு எடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் தேறினார்கள்? கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1966 அணி 2007-இல் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. அப்போது ஹில் உயிரோடு இல்லை. மறு ஆண்டு ஹாஸ்கின்சும் போய்விட்டார்.

ஹாஸ்கின்சின் தொடக்ககால ஆட்டக்காரர்களில் ஒருவர் நோலன் ரிச்சர்ட்சன். எல் பாசோவின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த கறுப்பினப் பையன். 1966-க்குச் சில ஆண்டுகள் முன்னரே ஆடி முடித்துவிட்டார். பயிற்றுநராகி, 1994-இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். தென்மாநிலப் பல்கலைக்கழகம், கறுப்பினப் பயிற்றுநர், இறுதியாட்டத்தில் டியூக் அணியை 76-72 என்று வென்றார். களத்தில் ஐந்து கறுப்பினத்தவர் ஆடுவதை அப்போது யாரும் எண்ணுவதில்லை. ஆனால் பயிற்றுநர் நாற்காலியில்? அப்பட்டத்தை வென்ற கறுப்பினப் பயிற்றுநர்களில் அவர் இரண்டாமவர்தான். முதலாமவர் 1984-இல் ஜார்ஜ்டவுனின் ஜான் தாம்சன்.

2002-இல் ரிச்சர்ட்சன், தம்மை வெள்ளைக்காரப் பயிற்றுநர்களைப்போல நடத்துவதில்லை என்று பத்திரிகையாளர்கள் முன்னிலையில் வெளிப்படையாகப் பேசினார். சில நாட்களில் வேலை போய்விட்டது. வழக்குத் தொடுத்தார். தோற்றார். எழுதப்படாததை நீதிமன்றத்தில் நிரூபிப்பது 1955-ஐவிட 2002-இல் சுலபமாகிவிடவில்லை.